மாடசாமி இன்னும் சாப்பிடவில்லை

1. சுடுசோறு

மலைத்தீ அணைக்கும் ஆட்களுக்குச் சமைக்கப் போன முதல் நாள், நான் சமைத்ததை யாரும் சாப்பிடவில்லை.

அதற்கு முன்னால் பல வருடம் பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் வேலை பார்த்தேன். முதலாளி பழைய தறிகளை எடுத்துவிட்டுப் புது மெஷின் போட்டதும் என்னைப் போன்றவர்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் கோடைக்கு மட்டும் வனத்துறை ஒரு கேம்ப் நடத்துகிறது, சமைக்க ஆள் தேடுகிறார்கள் என்று சர்ச்சில் ஒருவர் சொன்னார். மாசியில் தொடங்கி ஆனி வரை வேலை. சரி என்று தலையாட்டினேன். எதற்குமே நான் தலைதான் ஆட்டுவேன்.

எனக்கு ஆட்கள் நடுவே பேச வராது. சிறு வயதிலிருந்தே அப்படி. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றபோது, இனிமேல் யாரும் எழுப்பிவிட்டுப் பாடம் வாசிக்கச் சொல்ல மாட்டார்கள் என்று சந்தோஷப்பட்டேன். சர்ச்சில் பாட்டுப் பாடும்போதும் உதட்டை மட்டும் அசைப்பேன். தறிக்கூடத்தில் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. அங்கே யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது.

முதல் நாள் நன்றாகச் செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டேன். சாம்பார், கத்திரிக்காய்ப் பொரியல், ஆவி பறக்கச் சோறு. மத்தியானம் ஆட்கள் மலையிலிருந்து இறங்கினார்கள். கண் எல்லாம் சிவந்து, புருவம் பொசுங்கி, சட்டையில் பொத்தல் விழுந்திருந்தது. தட்டில் சோற்றைப் போட்டேன். ஒருவர் கையை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டார். அடுத்தவர் தட்டைத் தள்ளி வைத்தார். மாடசாமி என்று காட்டைக் காக்கிற வாட்சர் ஒருவன், என்னைவிடச் சின்னவன், வாய் கொஞ்சம் நீளம். அவன்தான் சொன்னான்.

"ஏத்தா, காலையில இருந்து தீக்குள்ள நின்னுட்டு வாரோம். நீ என்னடான்னா தீயை அள்ளித் தட்டுல வைக்க!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"விடுலே, புதுசு" என்றார் கருப்பையா அண்ணன். அவர்தான் வாட்சர்களில் மூத்தவர். "ஆத்தா, நாளைக்கு நீராகாரம் கரைச்சு வை. வெங்காயம் உரிச்சு வை. அது போதும் எங்களுக்கு."

தீயிலிருந்து வருகிறவனுக்குப் பசி வயிற்றில் இல்லை, தொண்டையில் இருக்கிறது என்று அன்று தெரிந்துகொண்டேன். மறுநாளிலிருந்து கம்மங்கூழ், பழைய சோறு, மோர், கடித்துக்கொள்ள வெங்காயம், வாயில் அடக்கிக்கொள்ள ஒரு துண்டு கருப்பட்டி. வாளி வாளியாகக் காலியானது. ஆனால் அன்று நான் பதில் பேசாமல் நின்றதால் மாடசாமி எனக்கு ஒரு பேர் வைத்துவிட்டான். ஊமைச்சி. ஜெபமணி என்ற என் பேர் அவன் வாயில் பிறகு வரவே இல்லை.

2. கொடி

தீயணைப்பு என்றதும் எல்லோருக்கும் தண்ணீர்தான் ஞாபகம் வரும். மலைக்கு மேலே தண்ணீரால் தீயை அணைத்ததை நான் பார்த்ததில்லை. பயர் சர்வீஸ் வண்டி அடிவாரத்துத் தோப்புப் பாதை வரைக்கும்தான் வரும். அதற்கு மேல் பாறையும் முள்ளும். அங்கே தீயைத் துணி துவைப்பதுபோல அடித்துத்தான் அணைக்க வேண்டும். பச்சைக் கொப்புகளை ஒடித்து, குனிந்து, தீயின் ஓரத்தை அடித்துக்கொண்டே போவார்கள்.

அடிக்கு அடங்காத தீ என்றால் பயர் லைன் போடுவார்கள். தீக்கு முன்னால் ஒரு பாதை அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி, சருகைத் தள்ளி, வெறும் மண்ணாக்குவது. சருகு தள்ள இப்போது புளோயர் வந்துவிட்டது. முதுகில் மாட்டிக்கொண்டு ஊதினால் சருகெல்லாம் ஓடும். லைன் முடிந்ததும் அதில் நின்று, வருகிற தீக்கு எதிராக நாங்களே ஒரு தீயை வைப்போம். எதிர்த்தீ என்பார்கள். இரண்டும் நடுவில் சந்தித்தால் தின்ன எதுவும் இல்லாமல் இரண்டுமே செத்துப்போகும்.

அதற்கு நேரம் பார்க்க வேண்டும். வெயில் காயும்வரை காற்று அடிவாரத்திலிருந்து மலைக்கு ஏறும். அப்போது வைத்தால் எங்கள் தீயும் ஏறிப்போய் அந்தத் தீயைச் சந்திக்கும். வெயில் தாழ்ந்ததும் காற்று திரும்பி மலையிலிருந்து இறங்க ஆரம்பிக்கும். அப்போது வைத்தால் நாம் வைத்த தீ நம் மேலேயே வரும்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். லைனுக்கு மேலே ஆள் யாரும் இருக்கக் கூடாது. இருந்தால் இரண்டு தீக்கும் நடுவில் மாட்டிக்கொள்வான்.

காட்டுக்குள் பேப்பர், பிளாஸ்டிக் எதுவும் போகக் கூடாது என்பதால் ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு தூக்குவாளி கொண்டுவருவார்கள். காலையில் என்னிடம் கொடுத்துவிட்டு ஏறுவார்கள். நான் அதை நிரப்பி லைனுக்குப் பக்கம் நிழல் உள்ள இடத்துக்குச் சுமந்து போவேன். தரையில் வைத்தால் குரங்கு விடாது. துணி காயப்போடும் கொடிபோல இரண்டு மரத்துக்கு நடுவே கயிற்றைக் கட்டி, வாளிகளை வரிசையாகத் தொங்கவிட்டு, கையில் கம்போடு இருப்பேன். இறங்குகிறவன் தன் வாளியைக் கொடியிலிருந்து எடுத்துக்கொள்வான். வாளி தொங்கினால் ஆள் மேலே. வாளி இல்லையென்றால் ஆள் கீழே. யாரும் இதைச் சட்டமாகப் போடவில்லை. பார்த்துப் பார்த்து எனக்கே பழகிப்போனது.

மாடசாமியின் வாளி ஒரு நசுங்கல் வாளி. மூடி நிற்காது. வீட்டில் கிடந்த பேண்டேஜ் துணியில் ஒரு கிழிசலைக் கொண்டுவந்து மூடியைச் சேர்த்துக் கட்டிவிட்டேன். அதற்கும் அவனுக்குப் பேச்சு உண்டு.

"என்ன ஊமைச்சி, என் வாளிக்கு எங்கயாச்சும் அடிபட்டிருச்சா? கட்டுப் போட்டிருக்க?"

3. காய்ந்த வருடம்

நான் சேர்ந்து சில வருடம் ஆகியிருந்தது. அந்த வருடம் ஐப்பசி, கார்த்திகை மழை ஏமாற்றிவிட்டது. தை பிறக்கும்போதே ஓடையில் மணல் தெரிந்தது. கண்மாய் நடுவில் கிரிக்கெட் ஆடினார்கள். மலையணில்கள் காட்டை விட்டுத் தோப்பு மரங்களுக்கு வந்து சேர்ந்தன. காட்டுக்குள் கால் வைத்தால் சருகு அப்பளம்போல நொறுங்கியது.

மலைச் சரிவுக்குக் கீழே ஒரு பெரிய மாந்தோப்பு. தோப்புக்காரர் ராஜபாளையத்து ராஜாக்கள் வீட்டுக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். வருடாவருடம் வைகாசியில் எங்கள் கேம்ப்புக்கு ஒரு கூடை மாம்பழம் கொடுத்தனுப்புவார். அந்த வருடம் காய் பெரும்பாலும் பிஞ்சிலேயே உதிர்ந்துவிட்டது. ஆனாலும் கூடை வந்தது. "பழம் சின்னதுதான், கோவிச்சுக்காதீங்கன்னு சொல்லச் சொன்னாவ" என்று கொண்டுவந்த ஆள் சொன்னார்.

கூடை வந்த வாரத்தில்தான் மேல்சரிவில் தீப் பிடித்தது. எப்படிப் பிடித்தது என்று எனக்குத் தெரியாது. அடித்துப் பார்த்தார்கள். ஒரு பக்கம் அணைத்தால் மறுபக்கம் எரிகிற கட்டை உருண்டு வந்து புதிதாகப் பற்றவைத்தது. மூன்றாம் நாள், இனி அடித்துப் பயனில்லை, தோப்புக்கு மேலே லைன் போட்டு எதிர்த்தீ வைத்துவிடலாம் என்று பாரஸ்டர் கணேசன் சார் முடிவு பண்ணினார். பாதிப் பேர் லைன் செதுக்கினார்கள். மாடசாமியும் வேறு சிலரும் மேலே போய், லைன் முடியும்வரை தீ இறங்கிவிடாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

பயர் சர்வீஸ் ஆட்களும் வந்திருந்தார்கள். அவர்கள் வண்டி ஓடைக்குத் தெற்கே தோப்புப் பாதையில் நின்றது. அவர்களில் ஒரு தம்பி மட்டும் முதுகில் தண்ணீர் பம்ப்பை மாட்டிக்கொண்டு எங்கள் ஆட்களோடு மேலே ஏறினான். அவனுக்குச் சாப்பாடு அவர்கள் வண்டியில் இருந்ததால் என் கொடியில் அவனுக்கு வாளி இல்லை.

அன்று காலையிலிருந்தே என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் எழும்பத் தோன்றியது. கூழில் சாம்பல் விழுந்தது, மூடினேன். மூடியது சரியா என்று மறுபடி திறந்து பார்த்தேன். மேலே கல் வெடிக்கும் சத்தம். ஒவ்வொரு வெடிக்கும் கொடியைத் திரும்பிப் பார்த்தேன். கையில் கம்பு இருந்தது, விரட்டக் குரங்கு இல்லை. அத்தனை வாளி தொங்கியும் அன்று ஒரு குரங்குகூட வரவில்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

மத்தியானத்துக்குப் பிறகு தோப்புப் பாதையில் தூசி எழும்பியது. பயர் சர்வீஸ் வண்டி வேகமாகப் போனது.

"தண்ணி பிடிக்கப் போறான்" என்றார் கருப்பையா அண்ணன்.

அந்த வண்டி நாள் முழுக்கத் தண்ணீர் பிடிக்கப் போய்வருவதுதான். நானும் தூசியைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டேன்.

4. பந்தம்

லைன் முடிந்தது. மேலே இருந்தவர்களை இறங்கச் சொல்லி விசில் கொடுத்தார்கள். ஒவ்வொருவராக வந்து வாளியை எடுத்தார்கள். யாரும் உட்காரவில்லை. நின்றபடியே கூழைக் குடித்துவிட்டு வாளியைக் கீழே போட்டுவிட்டு லைனுக்குப் போனார்கள். முகமெல்லாம் கரி. யார் யார் என்று எனக்கே குழம்பியது.

"எல்லாரும் எறங்கியாச்சா?" கணேசன் சார் கத்தினார்.

"எறங்கியாச்சு சார்!" பல குரல் வந்தது.

"தெக்கால நின்னவங்க?"

"அவியளும் வந்துட்டாவ சார்!"

கருப்பையா அண்ணன் பந்தத்தை எடுத்தார். கம்பின் நுனியில் சாக்கைச் சுற்றி டீசலில் முக்கியது. தீப்பெட்டியை உரசினார்.

நான் கொடியைப் பார்த்தேன். ஒரு வாளி தொங்கியது. அதன் மூடியில் கட்டிய பேண்டேஜ் துணி நுனி மலைப் பக்கமாக ஆடிக்கொண்டிருந்தது.

மாடசாமி எங்கே என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான். வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. பக்கத்தில் நின்ற ஆளிடம் சொன்னேன். அவர் முதுகில் புளோயர் ஓடிக்கொண்டிருந்தது, திரும்பவே இல்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு ஓடினேன். அந்த நீளவாய் எங்கேயும் இல்லை. பந்தம் பற்றிவிட்டது. கருப்பையா அண்ணன் லைனின் வடக்கு நுனிக்கு நடந்தார்.

திரும்பி ஓடிக் கொடியிலிருந்து வாளியை அவிழ்த்தேன். கருப்பையா அண்ணனுக்கு முன்னால் போய், அவர் தீ வைக்கப் போன புல்லில் அந்த வாளியை வைத்தேன்.

"ஏத்தா, நகரு! இப்பப் போயி சோறா?"

"மாடசாமி சாப்பிடல" என்றேன்.

"சாப்பிடலன்னா பொறவு சாப்பிடுதான். நகரு ஆத்தா, காத்து நமக்காக நிக்காது."

"மாடசாமி இன்னும் சாப்பிடல!"

அது என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. புளோயர் மாட்டியிருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். இரண்டு பேர் சிரித்தார்கள். கணேசன் சார் வேகமாக வந்தார். புல்லில் இருந்த வாளியைப் பார்த்தார். அந்தப் பக்கம் வெறுமையாகக் கிடந்த கயிற்றைப் பார்த்தார்.

"பந்தத்தை மண்ணுல குத்துங்க" என்றார்.

5. காற்று

சின்ன வயசு வாட்சர் இரண்டு பேர் விசிலோடு மேலே ஏறினார்கள். கணேசன் சார் போனை எடுத்து மாடசாமி நம்பருக்கு அடித்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது. மறுபடி அடித்தார். மறுபடி அதுவே.

கருப்பையா அண்ணன் அணைந்த பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு இங்கும் அங்கும் நடந்தார்.

"சார், அவன் எங்கிட்டாச்சும் எறங்கி டீக்கடைக்குப் போயிருப்பான் சார். அவன் கொணம் எனக்குத் தெரியாதா?"

"பாத்தீங்களா?"

"பாக்கல."

"யாராச்சும் கண்ணால பாத்தீங்களா? அவன் எறங்குனதைப் பாத்தேன்னு ஒருத்தர் சொல்லுங்க, போதும். இப்பவே வைக்கச் சொல்றேன்."

அன்று அந்த லைனில் எல்லோருமே ஊமையாக நின்றோம்.

நான் வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தத் துணி நுனியையே பார்த்தேன். அது இன்னும் மலைப் பக்கம்தான் ஆடியது. மேலே விசில் கேட்டது. கொஞ்சம் தள்ளி மறுபடி கேட்டது. இன்னும் தள்ளி. பதில் இல்லை. துணி தொங்கியது. சட்டென்று வேர்த்தது. புகை, மரம்போல நேராக நின்றது.

"சார்" என்றார் கருப்பையா அண்ணன். அவர் குரல் கெஞ்சுவதுபோல இருந்தது. "இப்பயே வச்சாத்தான் உண்டு. இன்னும் செத்த நேரத்துல நம்ம கையை விட்டுப் போயிரும்."

"தெரியுது."

"தோப்பு போயிரும் சார்."

"தெரியுதுண்ணே."

துணி என் பக்கமாக ஆடியது. என் கையில் சாம்பல் விழுந்தது, சூடாக.

கணேசன் சார் நீளமாக விசில் ஊதி, மேலே போனவர்களைத் திரும்பக் கூப்பிட்டார். அவர்கள் சரிவில் உட்கார்ந்து வழுக்கிக்கொண்டே வந்தார்கள். ஒருவருக்குக் கால்சட்டை நுனி பொசுங்கியிருந்தது.

"ஆளக் காணும் சார். ஓடைத் தலைப்புல பயர் சர்வீஸ் பம்ப் மட்டும் தனியாக் கெடக்கு."

அப்போதுதான் அந்தத் தம்பியையும் யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தது. தேடியது ஒரு ஆளை, காணாமல் போனது இரண்டு பேர். கணேசன் சார் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டினார். பிறகு எல்லோரையும் தோப்புப் பாதைக்குப் பின்வாங்கச் சொன்னார்.

தீ இறங்கிய வேகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. நாள் பூராவும் செதுக்கிய லைனை அது ஒரு தாண்டலில் கடந்தது. தோப்பின் மேல் வரிசைகளில் ஏறியது. மாங்காய் வெந்த வாசனை அடித்தது. பாதைக்குக் கீழே போகவிடாமல் புளோயர்களும் கொப்புகளும் வைத்து நின்றார்கள். நானும் ஒரு கொப்பை எடுத்து அடித்தேன். இடது கையில் வாளி, வலது கையில் கொப்பு. கீழே வைக்க மனம் வரவில்லை. அடிக்க அடிக்க, இரண்டு ஆட்களும் அந்தத் தீக்குப் பின்னால் கிடக்கிறார்கள் என்பது மட்டும்தான் தலைக்குள் ஓடியது.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் ஹாரன் கேட்டது. பயர் சர்வீஸ் வண்டி வந்து நின்றது. ஆட்கள் ஹோஸைப் பிடித்துக்கொண்டு குதித்தார்கள். அவர்களோடு குதித்தவன் மாடசாமி. பாதை ஓரத்துத் தீயில் தண்ணீர் அடித்து, அது புஸ்ஸென்று அடங்கும்வரை அவன் யாரையும் பார்க்கவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

"ஏ ஊமைச்சி, என் சோறு எங்க?"

நான் வாளியை நீட்டினேன். காலையிலிருந்து அப்போதுதான் தரையில் உட்கார்ந்தேன்.

கருப்பையா அண்ணன் அவன் சட்டையைப் பிடித்துவிட்டார். "எங்கலே போய்த் தொலைஞ்ச?"

"ஏண்ணே? அந்தத் தம்பி வெக்கையில சுருண்டு விழுந்துட்டான். கண்ணு சொருகிப்போச்சு. பம்ப்பைக் கழட்டிப் போட்டுட்டு முதுகுல தூக்கிக்கிட்டு ஓடை வழியா எறங்குனேன். போனு வழியில எங்கயோ விழுந்துருச்சு. வண்டியில ஏத்துனா, பய கையை விடமாட்டேங்கான். கூடவே ஆஸ்பத்திரிக்குப் போனேன். இப்ப தேவலாம். குளுக்கோஸ் ஏறுது."

"எங்ககிட்டச் சொல்லணும்னு தோணலையாலே?"

"வண்டி போறதைத்தான் எல்லாரும் பாத்தியளே!"

வண்டி போனதை எல்லோரும் பார்த்தோம். அவன் சொன்னது பொய் இல்லை.

6. தோப்பு

மறுநாள் காலையில் தோப்புக்காரர் வந்தார். எரிந்த மரங்களைத் தொட்டுத் தொட்டு நடந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை, சத்தம் போட்டும் பழக்கம் இல்லை. அன்று போட்டார்.

"ஏமி சார் இது! எங்க அப்பா வச்ச மரம். லைன் போட்டு எல்லாம் ரெடியா இருந்துச்சாம். பந்தம்கூடப் பத்தவச்சாச்சாம். யாரு நிறுத்தச் சொன்னது?"

நான் கேம்ப் சுவரோடு ஒட்டி நின்றேன். ஆட்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஒருவர்கூட என் பக்கம் திரும்பவில்லை.

"நான்தான் நிறுத்தினேன்" என்றார் கணேசன் சார்.

"இல்லாத ஆளுக்காகவா?"

"இல்லாத ஆள்னு சாயங்காலந்தானே தெரிஞ்சுது. தீ வைக்கிற நேரத்துல தெரியலையே."

தோப்புக்காரர் கையில் ஒட்டிய கரியைத் துடைத்துக்கொண்டார். "நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கு. எனக்கு மரம் போச்சே" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

நான் உள்ளே போய் என் பாத்திரங்களைச் சாக்கில் போட ஆரம்பித்தேன். கணேசன் சார் வாசலில் வந்து நின்றார்.

"எங்க கிளம்புறீங்க ஜெபமணியம்மா?"

"நான் வாயைத் தொறந்திருக்கக் கூடாது சார்."

"நாளைக்கும் இதே மாதிரி ஒரு வாளி தொங்குதுன்னு வைங்க. என்ன செய்வீங்க?"

யோசித்தேன். எப்படி யோசித்தாலும் ஒன்றுதான் வந்தது.

"கொண்டாந்து வைப்பேன் சார்."

"அப்ப பாத்திரத்தை வெளியே எடுங்க. ஆளுங்க பசியோட இருக்காங்க."

அன்று கூழ் குடிக்கும்போது அவர் எல்லோரையும் நிறுத்திச் சொன்னார். இனி மலையில் ஏறுகிற யாராக இருந்தாலும், வாளி இல்லாத பயர் சர்வீஸ் ஆளோ ஊர் ஆளோ, கொடியில் தன் துண்டையாவது கட்டிவிட்டு ஏற வேண்டும். இறங்கியதும் தன் பேரைத் தானே உரக்கச் சொல்லி எடுக்க வேண்டும். ஒருவன் இறங்கிவிட்டான் என்று இன்னொருவன் சொல்லக் கூடாது. வேறு வழியாக இறங்கினால், எவ்வளவு அவசரமானாலும் முதல் வேலை கொடிக்குத் தகவல் அனுப்புவது.

"கொடி காலியானதும் ஜெபமணியம்மா 'ஆச்சு'ன்னு சொல்லுவாங்க. அதுக்கு அப்புறம்தான் பந்தம்."

"சார், வேற யாரையாவது சொல்லச் சொல்லுங்க. என் சத்தம் யாருக்கும் கேக்காது."

"கேக்கலைன்னா அவங்க வாயை மூடிக்கிட்டுக் கேக்கட்டும்."

"போச்சுடா" என்றான் மாடசாமி. "இனிமே ஊமைச்சி பேசுனாத்தான் மலையில தீ அணையுமாம்லே!"

அடுத்த வைகாசியில் மாம்பழக் கூடை வரவில்லை. அதற்கடுத்த வருடமும் வரவில்லை. எரிந்த மரங்களில் சில துளிர்த்தன, பல துளிர்க்கவில்லை. பழம் வருகிற நாள் தாண்டிப் போனதும் மாடசாமி வாளியைத் தட்டிக்கொண்டே சொன்னான்: "என் உசுரோட வெல ஒரு கூடை மாம்பழம் போல." எல்லோரும் சிரித்தார்கள். அவன் மட்டும் சிரிக்கவில்லை. கூழைக் குடித்துவிட்டு, சொல்லாமலே என் வாளியையும் சேர்த்துக் கழுவி வைத்தான்.

7. பேர்

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் தீயைப் பற்றி நிறையக் கேட்பார்கள். தீயைப் பற்றிக் கருப்பையா அண்ணனைப் போன்றவர்கள்தான் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்தது கொடி மட்டும்தான்.

எல்லோரும் வந்தாயிற்று என்று பத்துப் பேர் சொன்னாலும் நம்பாதீர்கள். வந்தவன் தன் வாயால் சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தால் தீ வைப்பதை நிறுத்துங்கள். ஆள் உள்ளே இல்லை என்று பிறகு தெரிந்தால், நிறுத்தியது தப்பு என்று உங்களைப் பேசுவார்கள். எரிந்த மரத்தைக் காட்டுவார்கள். மரம் எரிந்தது உண்மைதான், அதற்குப் பதில் சொல்ல நம்மிடம் ஒன்றும் கிடையாது. கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த முறையும் நிறுத்துங்கள். பேச வரவில்லை என்றால் கையில் இருப்பதைக் கொண்டுபோய்ப் பந்தத்துக்கு முன்னால் வையுங்கள்.

நான் வேலையை விட்ட வருடம், கடைசியாக ஒரு தீ. முட்டி வலி வந்துவிட்டதால் என்னை மேலே போகவிடமாட்டார்கள். அன்று ஆள் பற்றாக்குறை. மேலே நின்றவர்களுக்குத் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு லைனுக்கு மேலே நானே ஏறினேன். கொடியை மாடசாமியிடம் விட்டுவிட்டுப் போனேன். விசில் ஊதியதும் ஆட்கள் என்னைத் தாண்டித் தாண்டி இறங்கினார்கள். நான் பாறையைப் பிடித்துப் பிடித்துக் கடைசியாக வந்தேன்.

லைனில் எல்லோரும் நின்றார்கள். கருப்பையா அண்ணன் கையில் பந்தம், இன்னும் பற்றவைக்கவில்லை. கொடியில் ஒரே ஒரு வாளி, என்னுடையது. அதைப் பிடித்துக்கொண்டு மாடசாமி நின்றான். நான் கையை நீட்டினேன். அவன் கொடுக்கவில்லை.

"பேரு?"

"இத்தன வருசமாத் தெரியாதாக்கும்?"

"எனக்குத் தெரியும். கொடிக்குத் தெரியணும்லா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தோப்பு எரிந்ததற்குப் பிறகு அத்தனை வருடமும் நான் 'ஆச்சு' என்ற ஒரு சொல்லைத்தான் அங்கே சொல்லியிருந்தேன். என் பேரை எங்கேயும் உரக்கச் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில்கூட, வாத்தியார் பேர் கூப்பிட்டால் கையை மட்டும்தான் தூக்குவேன்.

"சொல்லுத்தா" என்றார் கருப்பையா அண்ணன். "காத்து ஏறுது."

"ஜெபமணி எறங்கியாச்சு" என்றேன்.

"கேக்கல!" என்றான் மாடசாமி.

"ஜெபமணி எறங்கியாச்சு!"

அவன் வாளியைக் கொடியிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தான். மலையைப் பார்த்துத் திரும்பி, என் குரல் மாதிரியே மெல்ல, "ஆச்சு" என்றான்.

கருப்பையா அண்ணன் பந்தத்தைப் பற்றவைத்தார்.